ஏழாம் குதிர்

திரையில் கம்பி என்பது வெறும் கோடு.
அதற்கு நீளமில்லை, துருவில்லை, பனி படிவதில்லை.
இரண்டு முனைகளைத் தொட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.
அந்தச் சும்மாவை நம்பித்தான்
பத்து வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்
சாஸ்கட்டூனில்.

எங்கள் உணரி ஒரு மிளகளவு.
கனோலாக் குதிருக்குள் கேபிளில் தொங்கி
தானியத்தின் சூட்டைத் தொட்டுப் பார்க்கும்.
ஒரு டிகிரி ஏறினால் நாற்பது மைக்ரோவோல்ட்.
அதன் காதருகே மின்தடை முணுமுணுக்கும்;
கொஞ்சமேனும் சூடுள்ள எதுவும்
வாயை மூடுவதில்லை.
முணுமுணுப்பை விலக்கிச் செய்தியை எடுப்பது
என் வேலை.
பெருக்கி, வடிகட்டி, கடைசியில் ரேடியோ.

ரேடியோ குற்றியலுகரம் மாதிரி.
எழுத்தில் முழுதாக நிற்கும்,
ஒலிப்பதென்னவோ அரை மாத்திரை.
மணிக்கொரு முறை விழிக்கும், சொல்லும், உறங்கும்.
பேட்டரி ஆறு வருடம் வர வேண்டுமே.

ஜனவரியில்
ஹம்போல்ட்டுக்கு வெளியே, ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்கின் பண்ணையில்
ஏழாம் குதிர் பேச்சை நிறுத்தியது.
மைனஸ் முப்பத்தெட்டு.
மற்ற பதினொன்றும் மணி தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

மைனஸ் நாற்பதில் ஓட்டிப் பார்த்த சுற்று அது.
ஆயிரம் தடவை,
ஒவ்வொரு பாகத்தையும் சற்றுக் கோணலாக்கி.
ஆயிரமும் பச்சை.
"ஆன்டெனாவில் பனி," என்றான் வாகீசன்,
தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எது கெட்டாலும் அவனுக்கு ஆன்டெனாதான்.

ஒன்பதாம் நாள்
நூற்றுப் பத்து கிலோமீட்டர் வெள்ளைக்குள் ஓட்டினேன்.
ஓரெஸ்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
கையுறையைக் கழற்றியதும்
திருகாணி விரலில் ஒட்டிக்கொண்டது.
மூடியைத் திறந்து ஆஸிலோஸ்கோப் முள்ளை வைத்தால்
படிகம் துடிக்கவில்லை.
இல்லை, துடிக்கப் பார்த்தது.
கொஞ்சம் எழும்பும், தளரும், தட்டையாகும்,
மறுபடி எழும்பும்.
அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

வாயருகே வைத்து ஊதினேன்.
எந்த ஆய்வகப் பட்டியலிலும் இல்லாத கருவி.
அலை பருத்தது. நிலைத்தது.
சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டியது:
ஒன்பது, பதினொன்று, பதினான்கு,
பத்தொன்பது,
இருபத்தாறு.

வெளியே என் இமை மயிர் உறைகிறது.
உள்ளே கனோலா வெந்துகொண்டிருக்கிறது.
அளப்பதற்கு வேறு கடிகாரம்; அது நிற்கவேயில்லை.
எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது அதற்கு,
ஒன்பது நாளும்.

ஓரெஸ்ட் ஒன்றும் கேட்கவில்லை.
டிராக்டரை முடுக்கி, குதிரை இரவோடிரவாகக் காலி செய்தார்.
கடுகின் தங்கை போன்ற மணிகள்
முதலில் சலசலத்து வந்தன,
பிறகு கட்டிகட்டியாக,
பிறகு புகை நாற்றத்தோடு.
எவ்வளவு போயிற்று என்றேன்.
"மூன்று லாரி."
கொஞ்சம் கழித்து,
"இந்தக் குளிரில் நானும் யாரோடும் பேசமாட்டேன்."
அது மன்னிப்பா, இல்லையா,
இன்றுவரை பிடிபடவில்லை.

படிகம் செய்தவர்கள் தந்த வரைபடம்
மைனஸ் முப்பதோடு நின்றிருந்தது.
அதற்குக் கீழே கோட்டை நீட்டியது நான்.
ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில்,
நேராக.
நிஜத்தில் அங்கே அது செங்குத்தாக ஏறுகிறது.

இரண்டு மின்தேக்கிகள்.
பன்னிரண்டு பிகோஃபாரடை எட்டாக்கினால் போதும்.
சுருதி மயிரிழை ஏறும்,
அதை வேறிடத்தில் இறக்கிக்கொள்ளலாம்.
மூன்று லாரிக்கு இவ்வளவுதான் விடை என்பது
கூச்சமாக இருந்தது.

ஏழாம் குதிரின் படிகத்தை
உறைபெட்டியில் வைத்து, டிகிரி டிகிரியாக அளந்து,
வந்த எண்களை மாதிரியில் எழுதினேன்.
அழகில்லாத எண்கள்.
பழைய சுற்றை மறுபடி ஆயிரம் தடவை ஓட்டினேன்.
நாற்பத்தொன்று சிவப்பு.
ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன்.

வாகீசன் எழுந்து வந்து பின்னால் நின்றான்.
ஆன்டெனாவைப் பற்றி
எதுவும் சொல்லவில்லை.